ஓட்டர் ஃபார்ம்ல கட்சி கேக்குறாங்க, எதை டிக் பண்றது? அப்படியே இந்த பிரசிடென்ட் எலக்‌ஷனும் யாராவது புரிய வைங்க

புதுக்குடிமகன்

வணக்கம் மக்களே. போன வாரம்தான் நானும் வீட்டம்மாவும் சிட்டிசன்ஷிப் ஓத் எடுத்தோம், பென்சில்வேனியா, பிட்ஸ்பர்க் பக்கம். ஹால விட்டு வெளிய வந்ததுமே டேபிள் போட்டு ஒரு அம்மா உக்காந்திருந்தாங்க, வாழ்த்துக்கள்னு சொல்லி ஆளுக்கொரு ஓட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்ம கையில குடுத்துட்டாங்க. பேரு, அட்ரஸ் எல்லாம் மளமளன்னு எழுதிட்டு வந்தா நடுவுல கட்சி எதுன்னு ஒரு கேள்வி. டெமாக்ரடிக், ரிபப்ளிகன், கிரீன், லிபர்டேரியன், எதுவும் இல்லைன்னு வரிசையா கட்டம். அங்கதான் பேனா நின்னுடுச்சு. கவர்ன்மென்ட் ஃபார்ம்ல எதுக்கு என் கட்சிய கேக்குறான்? டிக் பண்ணா நான் அந்தக் கட்சில மெம்பர் ஆயிடுவேனா, சந்தா கட்டணுமா, நவம்பர்ல அந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு போடணுமா? ஒண்ணும் புரியாம ஃபார்ம மடிச்சு பைல வச்சுட்டு வந்துட்டேன்.

இதுல பையன் வேற (எட்டாவது படிக்கிறான்) 2016ல ஹிலாரிக்கு ஓட்டு அதிகமாமே, அப்புறம் எப்படிப்பா டிரம்ப் ஜெயிச்சாருன்னு கேக்குறான். வீட்டம்மா அவங்க பங்குக்கு, 2024ல கமலா ஹாரிஸ் எந்த பிரைமரிலயும் நிக்கவே இல்லையே எப்படி வேட்பாளர் ஆனாங்கன்னு. இத்தனை வருஷமா இந்த நாட்டுல இருக்கேன், ரெண்டுக்கும் பதில் தெரியல, வெக்கமா இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அலிகெனி_ஆத்தங்கரை

வாழ்த்துக்கள் பாஸ். நானும் உங்க ஊருப் பக்கம்தான், 2015ல இதே ஃபார்ம்ல இதே கட்டத்துல நானும் முழிச்சேன்.

மொதல்ல பயத்த விடுங்க. அந்தக் கட்டத்துல டிக் பண்றதுனால சந்தாவும் கிடையாது, கார்டும் கிடையாது, யாரும் கூட்டத்துக்கு வான்னு கூப்பிட மாட்டாங்க (காசு குடுன்னு மெயில் வரும், அது வேற கதை). நவம்பர்ல நீங்க யாருக்கு வேணா போடலாம், யாருக்குப் போட்டீங்கன்னு யாருக்கும் தெரியாது. ஆனா எந்தக் கட்சில ரெஜிஸ்டர் பண்ணிருக்கீங்கங்கறது ரகசியம் இல்ல, ஓட்டர் லிஸ்ட்லயே இருக்கும், பிரச்சாரம் பண்றவங்க அந்த லிஸ்ட்ட வாங்கி வச்சுகிட்டுதான் உங்க கதவத் தட்டுவாங்க.

பின்ன எதுக்கு அந்தக் கட்டம்னா, பிரைமரிக்கு. நவம்பர்ல ரெண்டு கட்சி வேட்பாளரும் மோதுறதுக்கு முன்னாடி, கட்சிக்குள்ள யாரு வேட்பாளர்னு ஜனங்களே ஓட்டு போட்டு முடிவு பண்ற எலக்‌ஷன்தான் பிரைமரி. நம்ம ஸ்டேட்ல அது குளோஸ்டு பிரைமரி, அதாவது டெமாக்ரட்னு பதிஞ்சவன் டெமாக்ரட் பேலட்ல மட்டும், ரிபப்ளிகன்னு பதிஞ்சவன் அவங்க பேலட்ல மட்டும் போடலாம். "எதுவும் இல்லை"ன்னு டிக் பண்ணீங்கன்னா வேட்பாளர் தேர்வுல உங்களுக்கு வேலையே இல்ல, வீட்ல உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான். மனசு மாறினா கட்சிய மாத்திக்கலாம், பிரைமரிக்கு 15 நாள் முன்னாடி வரைக்கும் டைம் உண்டு.

இது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்ங்கறத மறந்துடாதீங்க. என் தம்பி டெக்சாஸ்ல இருக்கான், அங்க ஃபார்ம்ல கட்சிங்கற கேள்வியே கிடையாது, பிரைமரி அன்னிக்கு நேரா போயி எந்தக் கட்சி பேலட் வேணும்னு சொல்லி வாங்கிக்கறான்.

இன்னொரு விஷயம், நம்ம பிரைமரி ஏப்ரல் கடைசில வருது. 2024ல ஏப்ரல் 23. அதுக்குள்ள மார்ச் 12ஆம் தேதியே பைடன், டிரம்ப் ரெண்டு பேருக்கும் தேவையான டெலிகேட் சேர்ந்து மேட்டர் முடிஞ்சு போச்சு. ரிபப்ளிகன் கட்சில டிரம்ப எதிர்த்து நின்ன நிக்கி ஹேலி மார்ச் 6ஆம் தேதியே போட்டிய விட்டு விலகிட்டாங்க, ஆனாலும் அவங்க பேரு பேலட்ல இருந்துச்சு, நம்ம ஸ்டேட் ரிபப்ளிகன்கள்ல ஒன்றரை லட்சம் பேருக்கு மேல போயி அவங்களுக்கு குத்திட்டு வந்தாங்க. கோவத்தக் காட்டுறதுக்கு அது ஒரு வழி, அவ்ளோதான்.

சோளக்காட்டு_ராசா

அய்யோ டெலிகேட்னு மேல இவரு ஒரு வார்த்தைய போற போக்குல விட்டுட்டுப் போயிட்டாரு, மொத்த சூட்சுமமும் அங்கதான் இருக்கு. பிரைமரில நீங்க வேட்பாளர் பேருக்கு நேரா குத்துனாலும், நிஜத்துல அது கட்சி மாநாட்டுக்குப் போற டெலிகேட்டுகள யாரு பக்கம் எத்தனைன்னு பங்கு போடறதுக்குத்தான். உங்க பென்சில்வேனியா பேலட்லயே டெலிகேட் ஆளுங்க பேரும் தனியா இருக்கும், அடுத்த தடவ கவனிங்க.

நான் ஐயோவால இருக்கேன், டெ மொய்ன் பக்கம். இங்க டெமாக்ரட்டுங்க 2020 வரைக்கும் பழைய பாணில காக்கஸ் (பிரைமரிக்குப் பதிலா கட்சிக்காரங்க ஒரே இடத்துல கூடி ஆள் தேர்வு பண்ற கூட்டம்) நடத்துனாங்க. எனக்கு அப்ப கிரீன்கார்டுதான், வீட்டம்மாவுக்குத்தான் ஓட்டு, நான் சும்மா வேடிக்கை பாக்கப் போனேன், பாக்கறவங்களுக்குன்னு ஓரமா பெஞ்சு போட்டிருந்தாங்க. பிப்ரவரி 3, வெளிய ஐஸ்கட்டி குளிரு, ஸ்கூல் ஜிம்முக்குள்ள இருநூத்திப் பன்னெண்டு பேரு. ஓட்டுப்பெட்டியே கிடையாது. சுவத்துல வேட்பாளர் பேரு எழுதி ஒட்டிருக்காங்க, நீ யாரு ஆளோ அந்த சுவரோரமா போயி நிக்கணும். சாண்டர்ஸ் மூலை, புட்டஜெஜ் மூலை, வாரன் மூலை, இப்படி. எல்லாரு கண்ணு முன்னாலயும்! எதிர்வீட்டுக்காரரு எந்த மூலைல நிக்கிறாருன்னு நான் பாக்கறேன், என் பொண்டாட்டி எங்க நிக்கிறான்னு அவரு பாக்கறாரு.

தலைய எண்ணுவாங்க. 15 சதவீதம் இல்லாத கும்பல் கலைஞ்சாகணும். 212க்கு 15 சதவீதம்னா 32 பேரு. குளோபுச்சர் மூலைல 28 பேரு, நாலு தலை கம்மி. யாங் மூலைல 17 பேரு, அவங்களால தேறவே முடியாது. இப்ப ஆரம்பிச்சுது பாருங்க பேரம், குளோபுச்சர் கும்பலோட தலைவியம்மா ஒரு தட்டு நிறைய குக்கீய எடுத்துகிட்டு யாங் மூலைக்குப் போறாங்க, அதுக்குள்ள சாண்டர்ஸ் பசங்க மூணு பேரு ஓடி வந்து காலேஜ் ஃபீஸ பத்தி பேசறாங்க, கடைசில ஆறு பேரு குக்கீ பக்கம் போயிட்டாங்க, மிச்சப் பேரு அங்கங்க பிரிஞ்சுட்டாங்க. யாங் மூலைல ஒரு பாட்டி முழு நேரமும் ஸ்வெட்டர் பின்னிகிட்டே இருந்துச்சு, எந்தப் பக்கமும் போகாம நூல்கண்ட பையில போட்டுகிட்டு வீட்டுக்குக் கெளம்பிருச்சு. அந்த பாட்டியோட ரெண்டாவது ரவுண்டு ஓட்டு அம்புட்டுதான், காத்தோட போச்சு.

அன்னிக்கு ராத்திரி ரிசல்ட் அனுப்புற ஆப் சொதப்பி, உலகமே சிரிச்சது ஞாபகம் இருக்கும், நாலஞ்சு நாளு இழுத்தாங்க. அத விடுங்க. கடைசில பாத்தா ஸ்டேட் முழுக்க தலை எண்ணிக்கைல சாண்டர்ஸ் முன்னாடி, ஆனா மாநாட்டு டெலிகேட் கணக்குல புட்டஜெஜ் 14, சாண்டர்ஸ் 12! உங்க பையன் கேட்ட கேள்வி இருக்கு பாருங்க, அதே கதை, கட்சிக்குள்ளயே நடந்துச்சு. இந்த நாட்டுல ஓட்டு எத்தனைங்கறது ஒரு கணக்கு, அந்த ஓட்டு எதுவா மாறுதுங்கறது வேற கணக்கு.

ரிபப்ளிகன் காக்கஸ் இவ்ளோ கூத்து இல்ல, நாலு பேரு பேசுவாங்க, அப்புறம் துண்டுச்சீட்டுல எழுதிப் போட்டுட்டு போயிடலாம்.

வெட்டிக்கதை

நெவாடா கதைய விட்டுட்டீங்களே. 2024ல அங்க கவர்ன்மென்ட் பிரைமரி ஒரு நாளு, ரெண்டு நாள் கழிச்சு ரிபப்ளிகன் கட்சியோட சொந்த காக்கஸ், டெலிகேட் காக்கஸ்ல மட்டும்தான். டிரம்ப் காக்கஸ்ல நின்னாரு, ஹேலி பிரைமரில நின்னாங்க. ஒருத்தர ஒருத்தர் மோதவே இல்ல. அப்படியும் பிரைமரில ஹேலி தோத்தாங்க, யாருகிட்டன்னா "இவர்களில் எவரும் இல்லை"ங்கற கட்டத்துகிட்ட 😂

தொட்டில்பழக்கம்

ஹேலி நியூ ஹாம்ப்ஷயர் டிக்ஸ்வில் நாட்ச்ல 100 சதவீதம் ஜெயிச்சாங்க தெரியுமா. ராத்திரி 12 மணிக்கே ஓட்டு போடற ஊரு. மொத்தம் ஆறு ஓட்டு. ஆறும் அவங்களுக்கு. நவம்பர்ல அதே ஊருல கமலாவுக்கு மூணு, டிரம்புக்கு மூணு.

கறுப்புக்கண்ணாடி

எல்லாம் கண்துடைப்பு தல. கட்சிப் பெரிய தலைங்க சூப்பர் டெலிகேட்டுன்னு உக்காந்துகிட்டு அவங்க நெனச்ச ஆளைத்தான் போடுவாங்க. 2016ல ஹிலாரிய எதிர்த்து நின்ன பெர்னி சாண்டர்ஸ கவுத்தாங்க, 2024ல ஜனங்க ஓட்டே இல்லாம கமலாவ உக்கார வச்சாங்க. இதுக்கு எதுக்கு ஃபார்ம், கட்டம், டிக்கு.

மணிமேகலை_ஓஹையோ

கறுப்புக்கண்ணாடி தம்பி, கோவம் புரியுது, ஆனா பாதி பழைய கதை. 2016ல சூப்பர் டெலிகேட்ட கழிச்சுட்டுப் பாத்தாலும் ஹிலாரிதான் முன்னாடி, ஓட்டுலயும் சரி, பிரைமரில ஜெயிச்ச டெலிகேட்லயும் சரி. ஆனா பிரைமரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே நூத்துக்கணக்குல சூப்பர் டெலிகேட்டுங்க அவங்க பக்கம்னு டிவில போட்டுப் போட்டு காட்டுனது அநியாயம்தான், அந்தச் சண்டைக்கு அப்புறம் 2018ல விதிய மாத்திட்டாங்க. இப்ப போட்டி இழுபறியா இருந்தா மொத ரவுண்டுல அவங்க ஓட்டு கிடையாது.

அப்படி ஒரு கூட்டம் ஏன் வந்துச்சுன்னா அதுக்கு 1968க்குப் போகணும். அந்த வருஷம் டெமாக்ரட் கட்சில ஹம்ஃப்ரி ஒரு பிரைமரில கூட நிக்காம, சிகாகோ மாநாட்டுல கட்சிப் பெருந்தலைங்க தயவுல வேட்பாளர் ஆனாரு, வெளிய தெருவுல வியட்நாம் போர எதிர்த்தவங்கள போலீஸ் அடிக்கறது டிவில ஓடுது. நவம்பர்ல நிக்சன்கிட்ட தோத்தாரு. அதுக்கு அப்புறம்தான் கமிட்டி போட்டு, இனிமே ஜனங்க பங்கெடுத்துத்தான் டெலிகேட் தேர்வு நடக்கணும்னு கொண்டு வந்தாங்க, ஸ்டேட்டெல்லாம் வரிசையா பிரைமரிக்கு மாறுச்சு. பத்துப் பதினஞ்சு வருஷம் கழிச்சு, அய்யோ ரொம்ப விட்டுட்டோமேன்னு கட்சிக்காரங்க 1984ல சூப்பர் டெலிகேட்ட உள்ள கொண்டு வந்தாங்க. அதாவது இப்ப நாம பாக்கற பிரைமரி சீசன் எல்லாம் அம்பது வருஷத்துப் பழக்கம்தான். அதுக்கு முன்னாடி மாநாட்டுலயேதான் அடிதடி, 1924ல டெமாக்ரட் மாநாட்டுல 103 தடவ ஓட்டெடுத்தாங்க, நியூயார்க்ல, ஜூன் ஜூலை வெக்கைல! ரெண்டு பெரிய ஆளுங்களும் விட்டுக்குடுக்காம கடைசில யாரும் எதிர்பாக்காத டேவிஸ்னு ஒருத்தர் வந்தாரு, அவரும் தோத்தாரு.

கமலா விஷயம். புதுக்குடிமகன், உங்க வீட்டம்மாகிட்ட இதச் சொல்லுங்க. 2024ல பிரைமரி நடந்துச்சு, பைடன் ஜெயிச்சாரு, கிட்டத்தட்ட 3,900 டெலிகேட் அவருக்கு. ஜூலை 21 அவரு விலகிட்டாரு. விலகுனா அந்த டெலிகேட்டுங்க யாருக்கும் கட்டுப்பட்டவங்க இல்ல, பைடன் அவங்கள கமலாவுக்கு எழுதி வச்சுட்டுப் போக முடியாது, கமலாவ ஆதரிக்கிறேன்னு சொல்ல மட்டும்தான் முடியும். ரெண்டு நாளுக்குள்ள பெரும்பான்மை டெலிகேட்டுங்க அவங்க பக்கம் சாஞ்சாச்சு, ஆகஸ்ட் ஆரம்பத்துல ஆன்லைன்லயே ஓட்டெடுப்பு நடத்தி வேட்பாளர்னு அறிவிச்சாங்க, சிகாகோ மாநாடு அதுக்கு அப்புறம்தான். ஏன் அவ்ளோ அவசரம்னா அதுல எங்க ஓஹையோவுக்கும் ஒரு பங்கு உண்டு, இங்க பேலட்ல பேரு சேர்க்க ஆகஸ்ட் 7 கடைசித் தேதியா இருந்துச்சு, அப்புறம் சட்டத்த மாத்திட்டாங்க ஆனாலும் இவங்க ரிஸ்க் எடுக்கல.

சரியா தப்பான்னு கேட்டா எனக்கும் நெருடல்தான். ஆனா சட்டவிரோதம் இல்ல. அரசியல் சாசனத்துல கட்சிங்கற பேச்சே கிடையாது, வேட்பாளர எப்படித் தேர்ந்தெடுக்கணும்னும் கிடையாது. அதுல இருக்கறது இவ்ளோதான், 35 வயசு ஆகிருக்கணும், பிறப்பாலயே குடிமகனா இருக்கணும், 14 வருஷம் இங்க வாழ்ந்திருக்கணும். அதனால நீங்க நிக்க முடியாதுங்க புதுக்குடிமகன், பையன் இங்க பொறந்திருந்தா சான்ஸ் இருக்கு 🙂

புதுக்குடிமகன்

மேகலை அக்கா, பையன் இங்கதான் பொறந்தான், படிச்சுக் காட்டுனேன், இப்பவே பேச்சு தாங்கல. ஆனா அவன் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலையே.

கணக்குப்பிள்ளை

நான் சொல்றேன். தம்பி கிரிக்கெட் பாப்பானா? அஞ்சு மேட்ச் சீரிஸ்ல மொத்த ரன் யாருக்கு அதிகம்னு பாத்தா கோப்பை குடுக்கறாங்க, இல்லல்ல, எத்தனை மேட்ச்னுதான். நவம்பர்ல நடக்கறது ஒரு எலக்‌ஷன் இல்ல, 50 ஸ்டேட்டும் வாஷிங்டன் டிசியும் சேர்த்து 51 தனித்தனி எலக்‌ஷன், ஒரே நாள்ல. ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை. எத்தனை எம்பி அவ்ளோ எலெக்டர் (பிரசிடென்ட்ட முறைப்படி தேர்ந்தெடுக்கற ஆளுங்க), கீழ்சபை 435, செனட் 100, டிசிக்கு 3, மொத்தம் 538. பாதிக்கு மேலன்னா 270. கலிஃபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40, உங்க பென்சில்வேனியாவுக்கு 19, வயோமிங்குக்கு 3.

இதுல 48 ஸ்டேட்டும் டிசியும், ஒரு ஓட்டு கூடுதலா வாங்குனாலும் மொத்த எலெக்டரையும் அள்ளிக் குடுத்துடும் (மெய்ன், நெப்ராஸ்கா மட்டும் தொகுதி வாரியா பிரிச்சுக் குடுக்கும்). அங்கதான் 2016 நடந்துச்சு. ஹிலாரிக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல ஓட்டு அதிகம், சரி, ஆனா கலிஃபோர்னியால மட்டுமே அவங்க 40 லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. அங்க ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சிருந்தாலும் எலெக்டர் அதேதான், மிச்ச ஓட்டெல்லாம் வழிஞ்சு போன பால். அந்தப் பக்கம் டிரம்ப் உங்க ஸ்டேட்ட 44 ஆயிரம் சொச்சத்துல எடுத்தாரு, விஸ்கான்சின், மிச்சிகனையும் சேர்த்தா கூட மூணுலயும் மொத்த வித்தியாசம் 80 ஆயிரத்துக்குக் கீழ, ஆனா 46 எலெக்டர். முடிஞ்சுது கதை. அஞ்சு தடவ இப்படி ஓட்டு அதிகம் வாங்குனவரு தோத்திருக்காரு, 1824, 1876, 1888, 2000, 2016. 2000ல ஃபிளாரிடால வெறும் 537 ஓட்டு.

இதனாலதான் பிரச்சாரம்னா உங்க ஊருலயே டேரா போடறாங்க, வயோமிங் பக்கம் எட்டிப் பாக்கக்கூட ஆள் இல்ல, கலிஃபோர்னியாவுக்குப் போறது காசு வசூலுக்கு.

நீங்க ஓட்டு போடறது நிஜத்துல அந்த எலெக்டர் ஆளுங்களுக்குத்தான், பேலட்ல வேட்பாளர் பேரு இருந்தாலும். டிசம்பர்ல அவங்கவங்க ஸ்டேட் தலைநகரத்துல கூடி (உங்களுக்கு ஹாரிஸ்பர்க்) சீட்டுல எழுதிக் குடுப்பாங்க, ஜனவரி 6 பார்லிமென்ட்ல எண்ணுவாங்க, 20ஆம் தேதி பதவியேற்பு. 2016ல வாஷிங்டன் ஸ்டேட்ல நாலு பேரு கட்சி மாத்தி வேற பேரு எழுதிட்டாங்க, ஃபைன் போட்டாங்க, கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2020ல ஸ்டேட் கட்டுப்படுத்தலாம்னு தீர்ப்பாச்சு.

269-269ன்னு வந்தா கீழ்சபை முடிவு பண்ணும், ஆனா ஸ்டேட்டுக்கு ஒரு ஓட்டு. கலிஃபோர்னியாவோட 52 எம்பிக்கும் ஒண்ணு, வயோமிங்கோட ஒத்தை எம்பிக்கும் ஒண்ணு. இது தம்பிகிட்ட சொல்லாதீங்க, தூங்க மாட்டான்.

கறுப்புக்கண்ணாடி

அப்ப இத மாத்த வேண்டியதுதானே?

கணக்குப்பிள்ளை

சாசனத் திருத்தத்துக்கு முக்கால்வாசி ஸ்டேட் சம்மதிக்கணும், சின்ன ஸ்டேட்டு தன் கையிலிருக்கறத ஏன் விடப்போறான். நாடு முழுக்க யாருக்கு ஓட்டு அதிகமோ அவருக்கே எங்க எலெக்டர்னு சில ஸ்டேட்டுங்க ஒப்பந்தம் போட்டிருக்காங்க, ஆனா கையெழுத்து போட்டவங்க கூட்டு 270 வந்தாத்தான் அது அமலுக்கு வரும்.

புதுக்குடிமகன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பையன் நோட்டுல 51 கட்டம் போட்டு கணக்கு போட்டுட்டு இருக்கான், 269-269 அவனே எப்படியோ கண்டுபிடிச்சுட்டான், இப்ப வீட்ல யாருக்கும் தூக்கம் இல்ல. ஃபார்ம் ரெண்டையும் இன்னிக்கு போஸ்ட் பண்ணியாச்சு. நான் ஒரு கட்சி, வீட்டம்மா இன்னொரு கட்சி டிக் பண்ணிருக்கோம். பேசி வச்சு பண்ணல, ஒட்டுறதுக்கு முன்னாடிதான் பாத்தோம்.

அலிகெனி_ஆத்தங்கரை

பென்சில்வேனியா, ஒரே வீடு, ரெண்டு கட்சியா? போச்சு. ரெண்டு பக்கத்து நோட்டீஸும் உங்க லெட்டர்பாக்ஸுக்குத்தான் வரும், இப்பவே பெரிய சைஸ் ரீசைக்கிள் தொட்டி ஒண்ணு கேட்டு வாங்கி வைங்க.